மூணடி மெத்தை

தாராளமா உக்காருங்க சார். ஏன் இப்படி ஜன்னலோட ஒட்டிக்கிட்டு, பையை மடியில வச்சு, முழங்காலை வேற தூக்கிக்கிட்டு? இது மெத்தைதான் சார், மேல பட்டாலும் குத்தாது. புது இலவம்பஞ்சு. கண்டக்டர் இதைத் தூக்கி மேல போடச் சொன்னாரு, நான் மாட்டேன்னுட்டேன். வெள்ளைத் துணி, மேல யாரு மூட்டை எப்படி இருக்குமோ. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆளா வந்துட்டுப் போகட்டும்.

நீங்களும் கரூர்தானே? ஆரப்பாளையத்துல ஏறுனதுலருந்து உங்களைத்தான் பார்த்துக்கிட்டு வர்றேன். தப்பா நினைக்காதீங்க. ஒரு ஆளு சுருண்டு உக்காந்திருந்தா என் கண்ணு தானா அங்க போயிரும். தொழில் அப்படி.

பேரு தவசி. மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டர் அட்டெண்டர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸு. இடுப்புக்குக் கீழ ஆபரேஷன்னா முதுகுல ஊசி போடுவாங்கல்ல, அந்த ஊசிக்கு ஆளை மடக்கிப் பிடிக்கணும். சும்மா படுத்தா முதுகெலும்பு மூடிக் கிடக்கும், ஊசி இறங்காது. நல்லா சுருட்டுனாத்தான் இடைவெளி திறக்கும். ஒரு கை பிடரியில, ஒரு கை முழங்காலுக்குப் பின்னால. "தலையைக் குனிஞ்சு நாடியை நெஞ்சுல ஒட்டுங்க, முழங்காலை வயித்துக்கு இழுங்க, அம்மா வயித்துல இருந்தீங்கல்ல, அப்படி." இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே தேஞ்சு போச்சு. பொம்பளைகளை நர்ஸுக பிடிச்சுக்குவாங்க, ஆம்பளைகள் எல்லாம் என் கையிலதான். ஒரு போலீஸ் அதிகாரி, மீசை இம்புட்டு இருக்கும், ஊசி இறங்குறப்ப என் சட்டையைப் பிடிச்சவரு ஆபரேஷன் முடியுற வரைக்கும் விடல. பொத்தான் ஒண்ணு போச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டத்தான் சொல்றேன்.

மயக்க மருந்து குடுக்குற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. அவங்ககிட்ட ஒரு நாள் கேட்டேன். "மேடம், ஊசிக்காக நாம மடக்குறோம், சரி. யாரும் மடக்காமயே ஆளுக ஏன் சுருண்டு போறாங்க?" ஏன்னா தியேட்டருக்கு வெளிய வராண்டாவுல பார்க்கணும் நீங்க. உள்ள ஒருத்தருக்கு ஆபரேஷன் நடக்கும். வெளிய அவரு சம்சாரம் பெஞ்சுல சுருண்டு கிடக்கும், ஏதோ அதுக்குத்தான் ஊசி மாதிரி. டாக்டரம்மா மூணு காரணம் சொன்னாங்க. ஒண்ணு குளிரு. சுருண்டுகிட்டா உடம்புச் சூடு வெளிய போகாது. ரெண்டாவது பயம். "தலைக்கு மண்டை ஓடு இருக்கு, நெஞ்சுக்கு விலா இருக்கு. வயித்துக்கு என்ன இருக்கு தவசி? ஒண்ணுமில்ல. அதான் அடி விழப்போகுதுன்னு தெரிஞ்சா கையும் காலும் வயித்துக்குக் காவலா ஓடுது"ன்னாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மூணாவதா இன்னொண்ணு சொன்னாங்க. பிள்ளை வயித்துக்குள்ள ஏன் அப்படிக் கிடக்குதுன்னு ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள அடுத்த கேஸைத் தள்ளிட்டு வந்துட்டாங்க, என் காதுல ஏறல. ரெண்டு தெரிஞ்சா போதாதான்னு விட்டுட்டேன்.

வெள்ளரிப்பிஞ்சு சாப்பிடுறீங்களா? வேண்டாமா? கையை வெளிய எடுக்க முடியலையா? சரி, வேடசந்தூர்ல பார்த்துக்கலாம்.

விஷயம் என்னன்னா சார், என் வீட்டம்மாவும் சுருண்டுதான் படுக்கும். பவுன்தாயி. கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். மாமனார் சீரா போட்ட கட்டில், தேக்கு, நாலரை அடி அகலம். நாலு பேரு சேந்து தூக்கிட்டு வந்தாங்க. நான் படுக்கிறதைச் சொல்லணும் உங்களுக்கு. பகல் பூரா ஆளுகளை மடக்குற வேலை பாருங்க, அதனால வீட்டுக்கு வந்தா நான் மடங்க மாட்டேன். தலை இந்த மூலை, காலு அந்த மூலை, கை பக்கத்துக்கு ஒண்ணு. படுத்து அஞ்சு நிமிஷத்துல குறட்டை. அவ தலைமாட்டுல, சுவத்தோர மூலையில, சுவத்தைப் பார்த்துக்கிட்டு முழங்காலை நெஞ்சுக்கு ஏத்திப் படுத்திருப்பா. நானே மடக்கிப் பிடிச்சாலும் அந்த அளவுக்குச் சுத்தமா வராது. அப்படியே ஊசி போட்டுறலாம்.

"ஏன்டி இப்படி அனாதை மாதிரி சுருண்டு கிடக்க, நீட்டிப் படு"ம்பேன். "இருக்கட்டும், நீங்க தூங்குங்க"ம்பா. அதான் அவ பதிலு. இருபத்தேழு வருஷமா அதே பதிலு.

நான் சும்மா விடுற ஆளா? டாக்டரம்மா சொன்ன மொதக் காரணம் குளிருதானே? கம்பளி வாங்கிட்டு வந்து போத்திவிட்டேன். மதுரையில, சித்திரை மாசம். வேர்த்து ஊத்தி, எந்திரிச்சுப் போய் ஈரத்துண்டால துடைச்சிட்டு வந்து மறுபடியும் அதே மூலையில சுருண்டுட்டா. சரி, குளிரில்ல. ரெண்டாவது பயம். பாண்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி மந்திரிச்சு, கையில கயிறு கட்டிவிட்டேன். கயிறு கட்டுன கையோட சுருண்டா. நடுவுல பூச்சி மாத்திரை கூட குடுத்தேன் சார், வயித்துல பூச்சி இருந்தா பிள்ளைக சுருளும்ல, அந்தக் கணக்குல. அதையும் முழுங்கிட்டுச் சுருண்டா.

ஒரு பொங்கலுக்கு மாமியார்கிட்டயே சொல்லிக் காட்டுனேன். "உங்க வீட்ல ஆறு பொம்பளப்பிள்ளைக, ஒரே போர்வை. அந்தப் பழக்கம் போகல பாருங்க"ன்னு. அந்தம்மா என்னைய ஒரு மாதிரி பார்த்துச்சு. "அவளா? எங்க வீட்ல கையைக் காலை நீட்டிப்போட்டு அக்கா தங்கச்சிகளை எல்லாம் எட்டி உதைச்சுக்கிட்டு கெடந்தவ அவதான் மாப்ள"ன்னுச்சு. பிள்ளையை விட்டுக்குடுக்காமப் பேசுதுன்னு நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

இப்ப அதில்ல பிரச்சினை. ஒரே பொண்ணு கோகிலாவைக் கரூர்ல குடுத்திருக்கோம். மாப்பிள்ளை பஸ் பாடி கட்டுற பட்டறையில பெயிண்டு அடிக்கிறாரு. தலைப்பிரசவம் நம்ம வீட்ல பார்த்தோம். ரெண்டாவது அங்கேயேன்னுட்டாங்க. ஒத்தாசைக்கு இவ போனா. நாப்பது நாளுன்னு சொல்லிட்டுத்தான் போனா. இன்னையோட அஞ்சு மாசம் ஏழு நாளு.

பிள்ளைக்குச் சளி, வரலைன்னா. பிள்ளைக்குத் தடுப்பூசி, வரலைன்னா. மூத்தவளை ஸ்கூல்ல விடணும், வரலைன்னா. நான் தினமும் போன் பண்ணி, "எப்ப வர்ற"ன்னு கேப்பேன். "பார்க்கலாம்"பா. என் அனுபவத்துல அவ பார்க்கலாம்னு சொன்ன எதையும் நான் பார்த்ததில்ல சார். கோகிலாகிட்டக் கேட்டா, "அம்மா இங்க நல்லாருக்குப்பா"ங்குது. நல்லாருக்குன்னா என்ன அர்த்தம்? என் கூட நல்லா இல்லன்னு அர்த்தமா? நான் குடிக்கிறவன் இல்ல, கை நீட்டுறவன் இல்ல. சம்பளத்தை அப்படியே குடுத்திருக்கேன். அவ சமையலைக் குறை சொன்னதில்ல. நீட்டிப் படுன்னு சொன்னது தவிர அவளை நான் எதுவும் சொன்னதில்ல.

மொத வாரம் எனக்குக் கொண்டாட்டமாத்தான் இருந்துச்சு. முழுக் கட்டிலும் நமக்கு. நல்லா விரிச்சுப் படுத்தேன். ரெண்டாவது வாரம் ஒரு நாள் காலையில முழிச்சா, எங்க இருக்கேங்கிறீங்க? அவ மூலையில. சுவத்தைப் பார்த்து. முழங்காலு நெஞ்சுல. அடப்பாவின்னு நானே சிரிச்சுக்கிட்டேன். மறுநாளும் அப்படி. அதுக்கு மறுநாளும் அப்படி. படுக்கையில விரிச்சுப் படுப்பேன், காலையில மூலையில கிடப்பேன். அந்தச் சுவத்துல அவ தலை எண்ணெய் ஒரு வட்டமா படிஞ்சிருக்கு சார். அதுல என் நெத்தி போயி முட்டிக்கிட்டு நிக்கும்.

ஆஸ்பத்திரியிலயும் மானம் போச்சு. ஒரு நாள் மத்தியானம் கேஸு இல்ல, டிராலியில கொஞ்சம் கண்ணசந்தேன். ஸ்டெல்லா சிஸ்டர் வந்து பார்த்துட்டு, "தவசியண்ணே, யாருண்ணே உங்களை இப்படிப் பிடிச்சுவிட்டது? ஊசி எடுத்துட்டு வரட்டுமா?"ன்னு சத்தமா கேட்டு, தியேட்டரே வந்து நின்னு பார்த்துச்சு. டாக்டரம்மா வேற வந்து, "பொசிஷன் ரொம்ப நல்லாருக்கு, கலைச்சுறாதீங்க"ன்னுட்டுப் போறாங்க. இருபத்தெட்டு வருஷமா ஊரையே மடக்குன ஆளு, டிராலியில இறால் மாதிரி கிடக்கேன்.

உண்மையைச் சொல்றேன் சார். எனக்கு அவ இல்லாம பயமா இருக்கு. ஐம்பத்தி நாலு வயசுல இதை வெளிய சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. அவ வராமயே போயிருவாளோன்னு இருக்கு.

இந்த நேரத்துல கோகிலா ஒரு போட்டோ அனுப்புச்சு. இருங்க, காட்டுறேன். இந்த மெத்தையைக் கொஞ்சம் உங்க பக்கம் சாய்ச்சுக்கிறேன், போனு இந்தப் பையில இருக்கு. இந்தா பாருங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெறகு. ஹால்ல பாய் விரிச்சு அவளும் பேரனும் படுத்திருக்காங்க. பேரன் அந்த ஓரத்துல சுருண்டு கிடக்கான், அது சரி, பச்சைப்பிள்ளை. இவளைப் பாருங்க. ரெண்டு கையும் தலைக்கு மேல. காலு ஒண்ணு கிழக்க, ஒண்ணு மேக்க. வாய் திறந்திருக்கு. எனக்கு உயிரே போச்சு சார். தியேட்டர்ல ஒரு ஆளு அப்படிக் கிடந்தா மயக்கம் முழுசா ஏறிருச்சுன்னு அர்த்தம். உடனே போனைப் போட்டேன். "ஏத்தா, உங்கம்மாவை எழுப்பு. மூச்சு வருதான்னு மூக்குல விரலை வச்சுப் பாரு. கண்ணு ரெப்பையைத் தூக்கு"ன்னு கத்துறேன். அது பதறிப்போய் எழுப்ப, இவ போனை வாங்கி, "தூங்குனேங்க. தூங்குறதுக்குக் கூட உங்களைக் கேக்கணுமா"ன்னுட்டு வச்சுட்டா.

எனக்கு ஆறவே இல்ல. என் பக்கத்துல சுருண்டு கிடந்தவ, அங்க சிமெண்டுத் தரையில பாயில விரிஞ்சு கிடக்கா. ராத்திரி பூரா யோசிச்சுப் பார்த்தேன். ஒரே காரணம்தான் தோணுச்சு. மெத்தை. கல்யாணத்துக்குப் போட்ட மெத்தை, பஞ்சு கட்டி தட்டிப் போச்சு. அதான் அவளுக்கு உடம்பு நீட்ட முடியல. கண்டுபிடிச்சுட்டோம்னு மறுநாள் ஆட்டோவுல போட்டு செல்லூர்ல பீர்முகமது பாய் கடைக்குக் கொண்டுபோனேன். பஞ்சு அடிச்சு மெத்தை தைக்கிறவரு.

பாய் மெத்தையைத் தரையில விரிச்சாரு. துணியைப் பிரிக்கல, சும்மா கையை வச்சுத் தடவிக்கிட்டே போனாரு. நடுவுல, மூலைக்கு மூலை, வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம். "இது நீங்க"ன்னாரு. சரின்னேன். தலைமாட்டு மூலையில கை நின்னுச்சு. அங்க வட்டமா ஒரு பள்ளம், அரிசி புடைக்கிற சொளகு அளவுக்கு. "இங்க பிள்ளை படுக்குதோ? எட்டு, ஒம்பது வயசு இருக்குமா?"ன்னு கேட்டாரு.

என்ன சொல்லுவேன்? "என் சம்சாரம் பாய்"னேன். அவரு அந்தப் பள்ளத்துல இன்னொரு தடவை கையை வச்சுப் பார்த்தாரு. நானும் கையை வச்சுப் பார்த்தேன் சார். இம்புட்டு எடத்துலயா கிடந்தான்னு. அந்தச் சொளகுப் பள்ளத்துக்குப் பக்கத்துல உக்காந்து கொஞ்ச நேரம் எந்திரிக்கவே இல்ல. அப்பத்தான் முடிவு பண்ணேன். இனிமே அவளுக்குன்னு தனி மெத்தை. என் மெத்தை கட்டில்ல இருக்கட்டும், அவ மெத்தை கீழ இருக்கட்டும். யாரு யாருக்கும் இடைஞ்சல் இல்ல.

அந்த மெத்தைதான் சார் இது. கையோட கொண்டுபோய்க் காட்டி, இன்னைக்கே கூட்டிட்டு வந்துறலாம்னு கெளம்பிட்டேன். பாயி, "அம்மா என்ன உயரம்"னு கேட்டாரு. நான் அளவெல்லாம் வேண்டாம்னுட்டேன். எத்தனை ஆயிரம் பேரை மடக்கிப் பிடிச்ச கை இது, எனக்குத் தெரியாதா? அந்தப் பள்ளத்தை முழம் போட்டு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் சேர்த்து, மூணடிக்கு மூணடின்னு சொன்னேன். "மூணடியா?"ன்னாரு பாயி. "மூணடி பாய்"னேன். "பெரியவங்களுக்குத்தானே?"ன்னு ரெண்டாவது தடவையும் கேட்டாரு. "என் பொண்டாட்டி அளவு எனக்குத் தெரியாதா பாய்"னு கொஞ்சம் கோவமாவே சொன்னேன். அவ சுருண்டு படுத்தா இம்மி கூட வெளிய வராது சார். அம்புட்டுப் பாந்தமா இருக்கும்.

என்ன கேட்டீங்க? சத்தமா கேளுங்க, பஸ் சத்தத்துல கேக்கல.

நீட்டிப் படுத்தாவா?

நீட்டிப் படுத்தா காலு... வெளியதான் போகும். தரையிலதான் கிடக்கும். ஆனா அவதான் நீட்டிப் படுக்க...

இருங்க சார். அந்தப் போட்டோவை மறுபடி எடுக்கிறேன்.

ஆமா.

ஒரு நிமிஷம் பேசாம இருங்க. இல்ல, நீங்க எங்க பேசுனீங்க, நான்தான் மதுரையிலருந்து பேசிக்கிட்டு வர்றேன். மூணாவது காரணம் இப்ப ஞாபகம் வந்துருச்சு. டாக்டரம்மா சொன்னது. பிள்ளை வயித்துக்குள்ள ஏன் சுருண்டு கிடக்குதுன்னா, குளிரு இல்ல, பயம் இல்ல தவசி, இடம் இல்ல, அம்புட்டுத்தான்னாங்க. அன்னைக்கே காதுல விழுந்திருக்கு. மண்டைக்குத்தான் இன்னைக்குப் போயிருக்கு. கம்பளி வாங்குனவன், கயிறு கட்டுனவன், பூச்சி மாத்திரை குடுத்தவன், ஒரு சாண் தள்ளிப் படுத்திருந்தா முடிஞ்சுபோயிருக்கும். அவ அப்பா வாங்கிக் குடுத்த கட்டிலு சார் அது. அதுல நான் மூலைக்கு மூலை. அவளுக்குக் கீழ மூணடி மெத்தை, அதையும் சுருண்டு படுக்கிற அளவுக்குத் தைச்சு, தூக்கிக்கிட்டு, கரூர் வரைக்கும், பெருமையா போறேன். பீர்முகமது பாயி ரெண்டு தடவை கேட்டாரே சார். அந்த மனுசன் அன்னைக்கு என்னைய என்னன்னு நினைச்சிருப்பாரு?

ஆமா, நீங்க ஏன் ஆரப்பாளையத்துலருந்து சுருண்டு உக்காந்திருக்கீங்க?

சொல்லாதீங்க. தெரிஞ்சுபோச்சு. என் காலு எங்க இருக்கு பாருங்க, உங்க ஜன்னலோரம் வரைக்கும் வந்து கிடக்கு. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. "இருக்கட்டும்"னு மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றீங்க, அவ மாதிரியே.

அரவக்குறிச்சி வந்துருச்சு. போன் அடிக்குது. அவதான். எந்நேரம் வந்து சேருவீங்கன்னு கேக்க அடிப்பா. ஒரு நிமிஷம் சார்.

"ஆங், பவுனு. அரவக்குறிச்சி வந்துட்டேன்... இல்ல, அதைக் கேக்க மாட்டேன். எப்ப வருவன்னு இனிமே கேக்கல. வேற ஒண்ணு கேக்கணும். நீ என்ன உயரம்?... உயரம்தான். எத்தனை அடி?... மெத்தைக்கு... கிண்டல் இல்லடி, நெசமாத்தான்... அஞ்சடி ரெண்டு. சரி. கையைத் தலைக்கு மேல நீட்டிப் படுத்தா?... ஹலோ... பவுனு?... லயன்ல இருக்கியா?"

கட் ஆகல சார். இருக்கா. மூச்சு கேக்குது.

"சொல்லு... ம்... ம்... சரி. கீழ இல்ல, கட்டில்லதான்... நானா? நான் ஓரத்துல படுத்துக்கிறேன். மூலையில... இல்லடி, பழகிருச்சு எனக்கு. நெசமா. ஸ்டெல்லா சிஸ்டரைக் கேட்டுப் பாரு... சரி. சரி. வந்து சொல்றேன்."

என்ன சொன்னாளா? "ஆறரை அடி இருக்கும், முதல்ல அதைத் தைச்சு முடிங்க, பெறகு வர்றேன்"னா. பார்க்கலாம்னு சொல்லல சார். கவனிச்சீங்களா? வர்றேன்னா.

இந்த மெத்தையா? பேரன் படுக்கட்டும். ரெண்டு வருஷத்துக்குத் தாங்கும், அதுவரைக்கும் அவன் நீட்டிப் படுக்கலாம்.

இல்ல சார், நான் எந்திரிச்சுக்கிறேன். பரவாயில்ல, கரூர் இன்னும் கொஞ்ச தூரந்தான், இந்த மெத்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னே வந்துருவேன். நீங்க பையைப் பக்கத்துல வைங்க. முதுகை நல்லாச் சாயுங்க. ஆங், அப்படித்தான். இப்பக் காலை நீட்டுங்க சார்.